ஆழ்கடல் நீரோட்டத்துக்கு ஹீலியம்-3ஆ, கார்பன்-14ஆ?
காரைக்குடியிலிருந்து கடலாய்வுக்குக் கிளம்பும் பிள்ளைகளே, தண்ணீர் போன வழி தெரிய ஹீலியம்-3 என்ற லேசான ஹீலியம் வகை. ஆழத்தில் கிடந்த காலம் தெரிய கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் வகை.

கடலடி எரிமலைத் தொடரில் கசியும் ஹீலியத்தில் ஹீலியம்-3இன் விகிதம் காற்றில் உள்ளதைவிடச் சுமார் 8 மடங்கு. எதனோடும் வினைபுரியாததால் தடம் அழிவதில்லை. 1981இல் லப்டன், கிரெய்க் என்ற விஞ்ஞானிகள் பசிபிக்கில் 2,500 மீட்டர் ஆழத்தில் மேற்கே நீளும் தடத்தைக் காட்டியது இப்படித்தான்.

கண்ணாடிக் குப்பி இதற்கு ஆகாது, ஹீலியம் ஊடுருவிவிடும். நம்மூர் ஏசி மெக்கானிக் சுருட்டி வைத்திருப்பது போன்ற செம்புக் குழாய்தான் வேண்டும். நீரை ஓடவிட்டபடியே குழாயைத் தட்டித் தட்டிக் குமிழிகளை விரட்டி, இரு முனையையும் கிளாம்பால் நசுக்குங்கள். ஒரு குமிழி தங்கினாலும் காற்றின் ஹீலியம் சேர்ந்து அளவு கெட்டுப்போகும்.

கார்பன்-14க்குக் கண்ணாடிக் குப்பி போதும். நுண்ணுயிர்களை அடக்க மெர்குரிக் குளோரைடு சிறிது. கார்பன்-14 சிதைந்து பாதியாகும் காலமான அரை ஆயுள் 5,730 ஆண்டுகள்; எஞ்சியிருக்கும் அளவை வைத்தே நீரின் வயதைக் கணக்கிடுகிறோம். அணுகுண்டுச் சோதனையின் கார்பன்-14 கலந்த மேல்நீரில் மட்டும் அந்த வயதை நம்பாதீர்கள்.