புத்தகப் பையில் ஒரு நுண்துகள் அளவி: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பின்

மகளின் புத்தகப் பையில் 14 மாதங்களாகத் தொங்கும் நுண்துகள் அளவி (காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய துகள்களை, அதாவது PM2.5-ஐ அளக்கும் சிறு கருவி), சென்ற வாரம்தான் பழுது நீங்கித் திரும்பி வந்தது. காற்றை உள்ளிழுக்கும் சிறு விசிறியில் பஞ்சும் தூசியும் அடைத்துக்கொண்டிருந்தன. அதே வாரத்தில் நண்பர் ஒருவர், தம் மகனுக்கும் இதை வாங்கலாமா என்று கேட்டார்.

துல்லியத்தைப் பற்றி எனக்குப் பெரிய மனக்குறை இல்லை. துகள்களில் பட்டுச் சிதறும் லேசர் ஒளியைக் கொண்டு கணக்கிடும் கருவி என்பதால், ஈரப்பதம் மிகுந்த நாள்களில் நீரை உறிஞ்சிப் பருத்த துகள்களை அது மிகையாகவே காட்டும். வெந்நீரில் குளித்துவிட்டுக் கதவைத் திறந்தால் நீராவியைப் புகை என்று எண்ணிச் சிவப்பு விளக்கை எரியவிடும். இவையெல்லாம் தெரிந்தே வாங்கினேன்.

பொறுக்க முடியாதது வேறொன்று. ஒருவர் சுவாசிக்கும் காற்றை அளப்பதென்றால், மூக்குக்கும் வாய்க்கும் ஏறத்தாழ 30 சென்டிமீட்டருக்குள் கருவி இருக்க வேண்டும். என் மகளோ வகுப்பறைக்குள் நுழைந்ததும் பையைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளிவிடுகிறாள். எந்தப் பிள்ளையும் அதைத்தான் செய்யும். அவள் மைதானத்தில் மூச்சிரைக்க ஓடும் நேரத்தில் வரைபடத்தில் தெரிவது சலனமற்ற நேர்கோடுதான். உடல் எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிடக் குழந்தைகள் அதிகக் காற்றை உள்ளிழுக்கிறார்கள், ஓடும்போது இன்னும் அதிகம். ஆக, எந்த அரைமணி நேரத்தை அறிய ஆசைப்பட்டு இதை வாங்கினேனோ, அந்த நேரத்தில்தான் இது பையின் மூச்சை அளந்துகொண்டிருக்கிறது. சட்டைக் கழுத்துப்பட்டையில் மாட்டியும் பார்த்தேன். விசிறியின் ரீங்காரத்தைக் கேட்ட பக்கத்துப் பிள்ளை, "உன் சட்டைக்குள்ள வண்டு இருக்கா?" என்று கேட்டதாம், மறுநாளே கழற்றிவிட்டாள்.

இருந்தும், முதல் மாதத்தில் இது காட்டிக்கொடுத்த ஒன்றை மறைப்பது நியாயமாகாது. வாகன நெரிசலுள்ள சாலையைத்தான் நான் சந்தேகித்திருந்தேன். அங்கே கன மீட்டருக்கு 45 மைக்ரோகிராம் காட்டிய கருவி, மாலை 7 மணிக்கு எங்கள் வீட்டிலேயே 180-ஐத் தாண்டியது. நான் எண்ணெய்ச் சட்டியில் பொரித்துக்கொண்டிருக்க, சமையலறை மேசையில் அவள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள், சன்னல் மூடியிருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்த 24 மணி நேரச் சராசரி 15 மைக்ரோகிராம்தான். தெருவிலோ கூரையிலோ நிற்கும் எந்தக் கண்காணிப்பு நிலையமும் எங்கள் அடுப்பங்கரையை இப்படிக் காட்டிக்கொடுத்திருக்காது. அன்றே மேசை அடுத்த அறைக்குப் போனது. இப்போது பொரிக்கும் நாள்களிலும் அவள் இருக்கும் இடத்தில் அளவு 40-ஐத் தாண்டுவது அரிது.

இவ்வளவு சொன்ன பிறகும், நண்பருக்கு என் பதில் "வாங்க வேண்டாம்" என்பதே. வேண்டுமானால் என்னுடையதை ஒரு மாதம் இரவல் வாங்கிக்கொள்ளட்டும். இதை எழுதும்போதே இன்றைய வரைபடத்தைத் திறந்து பார்த்தேன்: காலை 9 மணியிலிருந்து பிற்பகல் 3 மணி வரை ஒரே நேர்கோடு.