நாக்கில் ஒரு முடிச்சு: எந்தச் சாயம் பதில் சொல்லும்?

குடியாத்தத்துப் பெரியவர் ஒருவர். நாக்கில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு முடிச்சு. வெட்டி எடுத்து எங்கள் வேலூர் லேபுக்கு அனுப்பியிருந்தார்கள். புற்று இல்லை என்றதும் மகளுக்கு மூச்சு வந்தது. "அப்போ இது சதையில வந்ததா, நரம்புல வந்ததா சார்?" என்று கேட்டார். சரியான கேள்வி.

முதலில் எப்போதும் ஹெச் அண்ட் ஈ என்ற இரட்டைச் சாயம். ஹெமட்டாக்சிலின் உட்கருவை நீலமாக்கும், ஈயோசின் மற்றதை இளஞ்சிவப்பாக்கும். எங்கள் ஊர் மே மாதத்தில், திசுவைப் பதித்த மெழுகு பிளாக் இளகிவிடும். ஐஸ் மேல் வைத்து வைத்துத்தான் 3, 4 மைக்ரான் தடிமனுக்குச் சீவுவோம். சீவல் சுருங்கிப்போனால் அப்புறம் எந்தச் சாயமும் காப்பாற்றாது. ஹெச் அண்ட் ஈக்குச் செலவு குறைவு. உட்கருக்கள் இரண்டு வரிசையாக நின்று, நடுவில் வெறும் இளஞ்சிவப்புப் பட்டை தெரிந்தால் ஷ்வானோமா, அதாவது நரம்பு உறைக் கட்டி, என்று இதிலேயே எழுதிவிடலாம். ஆனால் கதிர் வடிவச் செல்கள் வெறுமனே கற்றை கற்றையாக ஓடினால் தசையா, நாரா, நரம்பு உறையா என்று கண் தடுமாறும்.

அடுத்த சாயம் மாசன் ட்ரைக்ரோம். இதில் தசை சிவப்பு, கொலாஜன் என்ற நார்ப்புரதம் நீலம். கருப்பையில் 'நார்க்கட்டி' என்கிறோமே, அது உண்மையில் தசைக் கட்டிதான் என்பதை இது அழகாகக் காட்டும். நரம்பு உறைக்கோ இதில் தனி நிறம் கிடையாது. அதனால் இந்த வேலைக்கு நான் இதைக் கேட்பதில்லை.

இம்யூனோ (இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி) வேறு ரகம். ஆன்டிபாடி தனக்குரிய புரதத்தைத் தேடிப் போய் ஒட்டும், ஒட்டிய இடம் பழுப்பாகும். பெரியவரின் ஸ்லைடில் செல்கள் பெரிது பெரிதாக, உள்ளே ரவை தூவியது போலக் குறுணைகள். இதே கட்டியை 1926இல் ரஷ்ய நோய்க்குறியியலாளர் அப்ரிக்கோசாஃப் விவரித்தபோது, தசையில் பிறந்தது என்று நினைத்தார். தசையைக் குறிக்கும் 'மயோபிளாஸ்டோமா' என்ற பெயர் பல பத்தாண்டுகள் நிலைத்தது. நாங்கள் போட்டுப் பார்த்தோம்: தசைப் புரதமான டெஸ்மின் ஏறவே இல்லை, நரம்பு உறைச் செல்களில் இருக்கும் எஸ்-100 புரதம் அடர் பழுப்பு. அப்படியானால் இது நரம்பைச் சுற்றி உறை போடும் ஷ்வான் செல் வழி. இன்றைய பெயர் கிரானுலர் செல் கட்டி.

ஆனாலும் எஸ்-100 ஒன்றை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுத எனக்கு மனம் வராது. மெலனோசைட் (தோலுக்கு நிறம் தரும் செல்), கொழுப்பு, குருத்தெலும்பு எல்லாவற்றிலும் அது ஏறும். சாக்ஸ்-10 என்ற இன்னொரு புரதத்துக்கான ஆன்டிபாடியும் சேர்த்தால் கொழுப்பையாவது விலக்கலாம். இம்யூனோவுக்கு விலையும் அதிகம், ஒவ்வொரு ஆன்டிபாடிக்கும் தனிக்கணக்கு. ஒரு முறை வெளியூரில் இருந்து திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலினில் போடாமல் சலைனில் (உப்புநீரில்) அனுப்பிவிட்டார்கள். பழுப்பே சரியாக எழவில்லை, நோயாளியின் பணம் வீண்.

இன்னொன்று: சாயம் காட்டுவது செல் இப்போது எந்தப் புரதத்தை வைத்திருக்கிறது என்பதை. எங்கே பிறந்தது என்பதை நாம் அதிலிருந்து ஊகிக்கிறோம். அதனால்தான் ரிப்போர்ட்டில் 'ஷ்வான் செல் தன்மை' என்று எழுதினேன். மகளிடம், "நரம்பைச் சுத்தி இருக்கிற உறைம்மா, சதை இல்லை" என்றேன்.