ஸ்ட்ராட்ஃபோர்டு ஒலிம்பிக் குளம்: இரண்டு வருடம் நீந்திய பிறகு எழுதுகிறேன்

கிழக்கு லண்டனில் ஈஸ்ட்ஹாம் பக்கம் என்னைத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது கேட்டுவிட்டார்கள், "அந்த ஒலிம்பிக் குளத்துக்குள்ள நம்மள மாதிரி ஆளுங்கள விடுவாங்களா?" என்று. விடுவார்கள். டிக்கெட் எடுத்தால் போதும். 2012இல் மைக்கேல் ஃபெல்ப்ஸ் நீந்திய அதே குளத்தில், 44 வயதில் நீச்சல் கற்றுக்கொண்ட நான் வாரம் இரண்டு நாள் இறங்குகிறேன். லண்டன் அக்வாட்டிக்ஸ் சென்டரைப் பற்றித் தமிழில் விரிவாக யாரும் எழுதி நான் பார்க்கவில்லை, அதனால் எழுதுகிறேன். நடுவில் பதக்கம், லாட்டரி, அரசுப் பணம் என்று பேச்சு கொஞ்சம் வேறு பக்கம் போகும். இந்தக் குளத்தைப் பற்றிப் பேசினால் அங்கேதான் போய் நிற்கிறது.

முதலில் வழி. ஈஸ்ட்ஹாமிலிருந்து 104 பஸ் பிடித்தால் ஸ்ட்ராட்ஃபோர்டு. அங்கிருந்து பெரிய ஷாப்பிங் மால் வழியாக நடந்தால் பார்க். ஓடையைத் தாண்டுவதற்கு முன்பே கூரை தெரியும், அலை எழும்பி அப்படியே உறைந்துவிட்டது போல. ஜஹா ஹதீத் வரைந்த கட்டடம். அத்தனை பெரிய எஃகுக் கூரை மூன்றே இடங்களில் ஊன்றி நிற்கிறது, உள்ளே தூணே கிடையாது. ஒலிம்பிக் சமயத்தில் இரண்டு பக்கமும் தற்காலிகமாகச் சிறகு மாதிரி கேலரி கட்டி 17,500 பேரை உட்காரவைத்தார்கள். அப்புறம் அதைப் பிரித்தெடுத்துவிட்டு அந்த இடத்தில் கண்ணாடிச் சுவர் வைத்து, 2014 மார்ச்சில் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். வெயில் அடிக்கும் நாளில் காலை பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள், தண்ணீருக்கு அடியில் கோடு கோடாக வெளிச்சம் ஆடும். மல்லாந்து நீந்தும்போது மேலே கூரையின் அடிப்பக்கம் முழுக்க மரப்பலகை, திமிங்கிலத்தின் வயிற்றுக்குள் இருப்பது போலத் தோன்றும். எனக்கு இன்னும் அது பழகவில்லை, ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷமாவது மிதந்துகொண்டு பார்க்கிறேன்.

உள்ளே மூன்று குளம். போட்டிக் குளம் 50 மீட்டர், பத்து லேன். பயிற்சிக் குளமும் 50 மீட்டர்தான். டைவிங் குளம் தனி, அதில் 10 மீட்டர் மேடை வரைக்கும் கான்கிரீட்டில் நாக்கு நீட்டியது போல வளைந்து நிற்கும். போட்டிக் குளம் 3 மீட்டர் ஆழம், எங்கேயும் கால் ஊன்ற முடியாது என்பதை மனதில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். கற்றுக்கொள்பவர்களுக்குப் பயிற்சிக் குளம்தான் சரி, அதன் தரையையே மேலே ஏற்றி ஆழத்தைக் குறைக்க முடியும். உடை மாற்றும் இடம் ஆண் பெண் எல்லாருக்கும் பொது, ஆனால் தாழ்ப்பாள் போட்ட தனித்தனி அறைகள், கூச்சப்பட ஒன்றுமில்லை. கை கால் மூடிய நீச்சல் உடையில் வரும் பெண்களை எப்போதும் பார்க்கிறேன், நானும் அப்படித்தான். பெரிய போட்டி நடக்கும் நாட்களில் போட்டிக் குளத்தை நமக்கு மூடிவிடுவார்கள், அதனால் கிளம்பும் முன் நேர அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம், வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால். அண்ணன் தம்பிகள் எல்லாரும் பம்ப்செட் கிணற்றில் குதித்தே நீச்சல் கற்றார்கள், நாங்கள் பெண்பிள்ளைகள் மேலே நின்று அவர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு இருப்போம். காவிரிக் கரையில் வளர்ந்து தண்ணீருக்குப் பயந்தே நாற்பது வருடம் ஓடிவிட்டது. இங்கிலாந்தில் ஆசிய வம்சாவளிப் பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் நீந்துவதில்லை என்று ஒரு கணக்கு உண்டு, அந்தத் தொண்ணூறில் ஒருத்தியாக இருந்தேன். இந்தக் குளத்தில் முதல் 25 மீட்டரை நிற்காமல் முடித்து விளிம்பைப் பிடித்த அன்று, சொல்லிக்கொடுத்த பெண் கைதட்டினாள், எனக்குக் கண்ணாடிக்குள்ளேயே கண்ணீர். அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

சரி, பணத்துக்கு வருகிறேன். என் கணவர் பிளாஸ்டோ பக்கம் ஒரு மளிகைக் கடையில் இருக்கிறார், கல்லாவுக்குப் பக்கத்திலேயே லாட்டரி மெஷின். லண்டனில் நம் ஆட்கள் நடத்தும் கடைகளில் இது இல்லாத கடை அபூர்வம். புதன், சனி சாயங்காலம் வரிசை நிற்கும். பஸ் ஓட்டுகிறவர், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவர், பென்ஷன் வாங்கும் பாட்டிகள். 2013 வரைக்கும் ஒரு டிக்கெட் 1 பவுண்டு, அப்புறம் 2 பவுண்டு. அந்தக் காசில் ஒரு பங்கு விளையாட்டுக்குப் போகிறது. பிரிட்டன் இன்றைக்கு ஒலிம்பிக்கில் வாங்கும் பதக்கங்களுக்கு அஸ்திவாரம் அதுதான்.

1996 அட்லாண்டாவில் இந்த நாடு வாங்கியது ஒரே ஒரு தங்கம், துடுப்புப் படகில் ரெட்கிரேவ், பின்சென்ட் ஜோடி வாங்கியது. பதக்கப் பட்டியலில் 36ஆவது இடம். அந்த அவமானத்துக்குப் பிறகு 1997இலிருந்து லாட்டரிப் பணத்தை நேராக வீரர்களுக்கும் பயிற்சிக்கும் கொடுக்க ஆரம்பித்தார்கள், யூகே ஸ்போர்ட் என்ற அமைப்பும் வந்தது. சிட்னியில் 11 தங்கம், பெய்ஜிங்கில் 19, லண்டனில் 29, 2016 ரியோவில் 27 வாங்கி சீனாவையே தாண்டி இரண்டாம் இடம். 20 வருடத்தில் 36ஆவது இடத்திலிருந்து இரண்டாவது இடம் என்றால் பணம் வேலை செய்திருக்கிறது, அதில் யாரும் சந்தேகப்பட முடியாது. லண்டன் ஒலிம்பிக்குக்கு முந்தைய நான்கு வருடத்தில் மட்டும் ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கு அவர்கள் ஒதுக்கியது ஏறக்குறைய 26.4 கோடி பவுண்டு, கிடைத்த பதக்கம் 65. வகுத்தால் பதக்கத்துக்கு 40 லட்சம் பவுண்டு. பாரிஸில் 2024இல் அதே 65 பதக்கம் வந்தது, ஆனால் தங்கம் 14 ஆகி, இடம் ஏழாவதாக இறங்கியது.

எனக்கு அந்த 40 லட்சம் பெரிதாக உறுத்தவில்லை. யாருக்குக் கொடுத்தார்கள், யாருக்குக் கொடுக்கவில்லை என்பதுதான் உறுத்துகிறது. பதக்க வாய்ப்பு இருக்கும் விளையாட்டுக்குக் கொட்டு, இல்லாததற்கு நிறுத்து, இதுதான் விதி. இதில் சமரசமே கிடையாது என்று அவர்களே பெயர் வைத்திருந்தார்கள். ரியோவுக்கு முன் துடுப்புப் படகுக்கு 3.2 கோடி பவுண்டுக்கு மேல், குதிரையேற்றத்துக்கு ஏறக்குறைய 1.8 கோடி. கூடைப்பந்துக்கு 2014இல் முழுவதும் நிறுத்தினார்கள். எங்கள் தெருக்கோடியில் கம்பிவலை அடைத்த ஆடுகளத்தில் மழை பெய்தாலும் பையன்கள் ஆடுவது கூடைப்பந்துதான், அவர்கள் யாரும் குதிரை வைத்திருக்கவில்லை. பாட்மின்டன் இன்னும் கொடுமை. ரியோவில் ஆண்கள் இரட்டையரில் வெண்கலம் வாங்கினார்கள், அதே டிசம்பரில் அந்த விளையாட்டுக்கே பணம் கிடையாது என்று அறிவிப்பு. பதக்கம் வாங்கியும் வெட்டினால் அப்புறம் எதற்கு அந்த விதி? பின்னாளில் கொஞ்சம் தளர்த்தினார்கள், நல்லது. ஆனால் ரியோவில் பதக்கம் வாங்கிய பிரிட்டிஷ் வீரர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தனியார் பள்ளியில் படித்தவர், நாட்டில் அப்படிப் படிக்கும் பிள்ளைகள் நூற்றுக்கு ஏழு பேர்தான். லாட்டரி வரிசையில் நிற்பவர்களின் முகத்தையும் மேடையில் நிற்பவர்களின் முகத்தையும் தினமும் பார்க்கிற எனக்கு இந்தக் கணக்கு வலிக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. ஜிம்னாஸ்டிக்ஸில் பிள்ளைகளுக்கு நடந்த கொடுமைகளை விசாரித்த வைட் அறிக்கை 2022இல் வந்தது. 400 பேருக்கு மேல் தங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுத்திருந்தார்கள், உடல் எடைக்காகப் பட்டினி, காயத்தோடு பயிற்சி, தண்ணீர் கூடக் குடிக்கவிடாதது. ஒரு தாயாக அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. பதக்கத்தை மட்டும் எண்ணி விளையாட்டுச் சங்கங்களுக்குக் காசு கொடுத்தால், பிள்ளையின் அழுகையை அந்தச் சங்கத்தில் யார் காதில் வாங்குவார்கள்?

அப்படியானால் இந்தச் செலவே வீண் என்று சொல்கிறேனா என்றால், இல்லை. இந்தக் குளத்துக்கு முதலில் போட்ட மதிப்பீடு ஏறக்குறைய 7.5 கோடி பவுண்டு, முடித்தபோது 26.9 கோடி. கட்டிய நாளில் திட்டாத பத்திரிகை இல்லை. ஆனால் ஒலிம்பிக் வரவில்லை என்றால் ஸ்ட்ராட்ஃபோர்டில், அதுவும் நியூஹாம் மாதிரி ஏழ்மையான பகுதியில், இப்படி ஒரு குளத்தை எந்த அரசாங்கமும் கட்டியிருக்காது. கட்டணத்தைச் சுற்றுவட்டாரக் குளங்களுக்கு இணையாக வைப்பதாக வாக்குக் கொடுத்துத்தான் திறந்தார்கள். சனிக்கிழமை காலையில் போனால் சோமாலிப் பிள்ளைகள், வங்காளிப் பிள்ளைகள், நம் பிள்ளைகள் எல்லாரும் துண்டோடு வரிசையில் நிற்கிறார்கள். 2012இல் டாம் டேலி டைவிங்கில் வெண்கலம் வாங்கிய அதே மேடையின் கீழ்ப்படியிலிருந்து ஏழு வயதுப் பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு குதிக்கிறது. 2015இல் பிரிட்டிஷ் நீச்சல் வீரர் ஆடம் பீட்டி 100 மீட்டர் மார்பு நீச்சலை 57.92 விநாடியில் முடித்து, 58 விநாடிக்குக் கீழே போன முதல் மனிதர் ஆனது இந்தத் தண்ணீரில்தான். அந்த லேனில் நான் மூச்சிரைக்க நீந்துகிறேன். இதன் மதிப்பை எந்தக் கணக்குப்பிள்ளை எழுதுவார்?

ஆனால் அதே பீட்டியைப் பாருங்கள். குழந்தையில் குளியல் தொட்டித் தண்ணீருக்கே பயந்தவர். சின்ன ஊரில் வளர்ந்து, டார்பி நகர நீச்சல் கிளப்பில் பயிற்சி எடுத்தவர், விடிவதற்கு முன்பே எழுந்து அம்மா காரில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். அவரை உருவாக்கியது ஊர்க் குளம். அந்த ஊர்க் குளங்கள்தான் இன்று மூடிக்கொண்டிருக்கின்றன. நாங்கள் முன்பு குடியிருந்த பகுதியில் பத்து நிமிட நடையில் ஒரு குளம் இருந்தது, பெயர் வேண்டாம். என் மகள் அங்கேதான் மிதக்கக் கற்றாள். பழுது பார்க்கக் காசில்லை என்று ஒருநாள் கதவில் தாள் ஒட்டினார்கள், அவ்வளவுதான், இன்றுவரை திறக்கவில்லை. அடுத்த இடத்தில் வகுப்புக்கு எட்டு மாதம் காத்திருந்தோம். தொடக்கப் பள்ளி முடிப்பதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் 25 மீட்டர் நீந்த வேண்டும் என்று இங்கே பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. குளம் இல்லாமல் எங்கே நீந்தும்? மின்சாரம், எரிவாயு விலை ஏறி குளங்கள் திணறியபோது 2023இல் அரசு 6 கோடி பவுண்டுக்கு மேல் ஒதுக்கியது, அது தாகத்துக்கு ஒரு மடக்கு. "ஒரு தலைமுறையையே உசுப்புவோம்" என்று சொல்லித்தான் 2012 ஒலிம்பிக்கை நடத்தினார்கள். அதற்குப் பிந்தைய சில வருடங்களில் இங்கிலாந்தில் வாராவாரம் நீந்துவோர் எண்ணிக்கை குறையத்தான் செய்தது. டிவியில் தங்கத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புகிற பிள்ளைக்குப் பக்கத்தில் குளம் வேண்டும், இல்லையென்றால் அந்த ஆசை ஒரு வாரத்தில் வடிந்துவிடும்.

என்னிடம் கேட்டால், பதக்கப் பணத்தை நிறுத்தச் சொல்ல மாட்டேன், ஆனால் எந்த விளையாட்டுக்குக் கொடுத்தாலும் ஒரு பங்கை ஊரில் திறந்த கதவுக்குக் கொடுக்கவேண்டும் என்று கட்டாயம் ஆக்குவேன். ஸ்ட்ராட்ஃபோர்டு குளம் அதற்கு நல்ல அத்தாட்சி. தங்கத்துக்காகக் கட்டினார்கள், பிறகு ஊருக்குக் கொடுத்தார்கள். தற்காலிக கேலரியைத்தான் கழற்றினார்கள், குளத்தைப் பூட்டிவைக்கவில்லை.

போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். பள்ளி விடுமுறையில் மதிய நேரத்தைத் தவிருங்கள், குழந்தைகள் கூட்டம். வார நாள் இரவு எட்டு மணிக்கு மேல் லேன் காலியாக இருக்கும், வேலை முடித்து வருகிறவர்களுக்கு அதுதான் தோது. நீந்தத் தெரியாது என்று வெட்கப்பட வேண்டாம், பெரியவர்களுக்கான வகுப்பில் என்னோடு இருந்தவர்களில் 60 வயதுக்காரரும் உண்டு.

கணவர் கடையில் ஒரு பாட்டி, ஜமைக்காவிலிருந்து இளம் வயதில் வந்தவர், லாட்டரி ஆரம்பித்த 1994இலிருந்து வாரம் தவறாமல் ஒரு டிக்கெட் வாங்குகிறார், பெரிதாக எதுவும் விழுந்ததில்லை. குளத்துக்கு இரண்டு மைல் தூரத்தில் வீடு, உள்ளே போனதே இல்லை என்றார். போன மாதம் நானே கூட்டிப்போனேன். முதலில் கேலரியில் உட்கார்ந்து கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் பயிற்சிக் குளத்தில் ஆழம் குறைத்த பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு இறங்கினார், அரை மணி நேரம் வெளியே வரவில்லை. வரும் வியாழக்கிழமைக்கு இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டிருக்கிறேன்.