ஃபேன்டசி நாவலை எடிட்டிங் சர்வீஸ்ல குடுத்தேன், லாஜிக் பார்க்கச் சொல்லி

நாவல் முடிச்சதும் நமக்கே அதுல இருக்கிற ஓட்டை கண்ணுக்குத் தெரியாது, அதான் ஒரு ஆன்லைன் எடிட்டிங் சர்வீஸ்ல குடுத்து, எழுத்துப்பிழை வேணாம் லாஜிக் மட்டும் பாருங்கன்னு கேட்டேன்.

என் கதை உலகத்துல ஒரே ஒரு விதிதான். பொய் சொன்னா அந்த ஆளோட நிழல் மறைஞ்சிடும். ஃபைல் திரும்பி வந்தப்போ ஓரத்துல மூணு கேள்வி. ராத்திரியில என்ன பண்ணுவாங்க? உச்சி வெயில்ல நிழல் காலடியிலயே கிடக்குமே, அப்போ எப்படி கண்டுபிடிப்பாங்க? ஒன்பதாவது அத்தியாயத்துல ராஜா இருட்டு அறையில மந்திரிகிட்ட சத்தியம் வாங்குறாரே, இந்த ஊர்ல பொறந்து வளர்ந்த ராஜா விளக்கு இல்லாம சத்தியம் வாங்குவாரா?

மூணாவது கேள்வியை படிச்சுட்டு அன்னிக்கு பூரா வேற வேலை ஓடல. திருத்த ஆரம்பிச்சா கதையே விரிஞ்சுது, நிழல் நீளமா விழுற சாயங்காலத்துலதான் பத்திரம் எழுதுறாங்க, மேகமூட்டம்னா கடைத்தெருவுல யாரும் கடன் குடுக்கறதில்ல, சண்டை வந்தா "விளக்க வச்சுட்டு பேசு"ன்னு கேக்குறாங்க, இருட்டு அறைன்னு தெரிஞ்சும் ராஜா அங்க வந்தார்னா அவருக்கே பொய்தான் வேணும்னு அந்த சீனோட அர்த்தமே மாறிடுச்சு. இதெல்லாம் சும்மா உக்காந்து கற்பனை பண்ணியிருந்தா எனக்கு வந்திருக்காது.

லாஜிக் பார்த்தா கற்பனை செத்துடும்னு சொல்றவங்களுக்காக இத சொல்றேன். ஆலிஸோட அற்புத உலகத்தை எழுதின லூயிஸ் கரோல் ஆக்ஸ்ஃபோர்டுல கணக்கு வாத்தியார், 1896-ல லாஜிக்குக்குன்னே தனியா ஒரு புக் போட்டவர். நடக்கக்கூடியதா இருந்தும் நம்ப முடியாத விஷயத்தை விட, நடக்கவே முடியாததா இருந்தும் நம்பும்படியா இருக்கிறதே கதைக்கு மேல்னு அரிஸ்டாட்டிலே சொல்லிட்டார். நிழல் மறையுமான்னு வாசகர் கேக்கவே மாட்டார், ஆனா மூணாம் பக்கத்துல மறைஞ்சது முப்பதாம் பக்கத்துல ஏன் மறையலன்னு கண்டிப்பா கேப்பார்.

குறையும் இருக்கு. கதையோட கடைசியில ஒரு அம்மா, மகன் பொய் சொல்றான்னு தெரிஞ்சே அவன் முன்னாடி வந்து நின்னு தன் நிழலால மறைக்கிறா. அதுக்கு "லாஜிக் இல்லை, புத்திசாலிப் பெண் இப்படி செய்ய மாட்டாள்"னு கமெண்ட். இத என்னால ஏத்துக்கவே முடியல. உலகத்தோட விதி உடையக்கூடாது, மனுஷ மனசு உடையலாம், அதுக்கான விதை முன்னாடியே விழுந்திருக்கான்னுதான் அங்க பார்த்திருக்கணும். கடைசி அஞ்சு அத்தியாயத்துக்கு கமெண்டே ரொம்ப கம்மி, அவசரத்துல முடிச்ச மாதிரி இருந்துச்சு.

ஆனாலும் அடுத்த நாவலையும் இங்கயேதான் குடுப்பேன். நீங்க குடுக்கிறதா இருந்தா உங்க உலகத்தோட விதியெல்லாம் ஒரு பக்கத்துல எழுதி சேர்த்து அனுப்புங்க, நான் அனுப்பல, முதல் நாலு அத்தியாயத்துல பாதி கமெண்ட் அத கேக்குறதுலயே போயிடுச்சு.