கால்நடை மருத்துவர் துப்பறியும் நாவல்: இரண்டு வகை

கிராமத்துக் கால்நடை மருத்துவர் கொலையைத் துப்பறிகிறார் என்று அட்டையில் பார்த்தாலே எனக்கு ஆசை வந்துவிடும். ஏமாற்றமும் அங்கேதான் அதிகம். ஒரு வகை நாவலில் அவருடைய தொழில் வெறும் ஒட்டு. முதல் அத்தியாயத்தில் கஷ்டப்படும் பசுவுக்குப் பிரசவம் பார்ப்பார், அப்புறம் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு வீடு வீடாக விசாரிப்பார். கடைசியில் கொலையாளியே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வான். மருத்துவருக்குப் பதில் ஒரு தபால்காரர் இருந்தாலும் கதை மாறாது.

இன்னொரு வகையில் தொழிலே துப்புத் துலக்கும். ஒருவர் இறந்து கிடக்கிறார், மாரடைப்பு என்கிறார்கள். பக்கத்தில் அவருடைய நாய், எச்சில் ஒழுக, தசை துடிக்க, கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கிக் கிடக்கிறது. ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லியோ என்று மருத்துவருக்கு உடனே சந்தேகம் தட்டும். நாய்க்கு விஷமுறிவு மருந்தான அட்ரோபின் ஊசி போட்டபடியே, இருவரும் எதைச் சாப்பிட்டார்கள் என்று யோசிப்பார். சைலசின், கீட்டமைன், பென்டோபார்பிட்டால் என்று அளவு மீறினால் உயிரைப் பறிக்கும் மயக்க மருந்துகள் எல்லாம் அவர் அலமாரியிலேயே இருப்பதால் சந்தேகம் அவர்மேலும் திரும்பலாம். ஒரு குப்பி குறைந்தால் போதும், கதை சூடுபிடித்துவிடும்.

முதல் வகை சரளமாக ஓடும், சரி, பயணத்தில் புரட்டலாம். காசு கொடுத்து வாங்குவதென்றால் நான் இரண்டாவதைத்தான் தேடுவேன்.