அலமாரிக்குத் திரும்பும் முன் கேள்வி கேட்கும் மருந்தகம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையிலிருந்து பிரியும் ஒரு கிளைத் தெருவில் இருக்கும் இந்தத் தனியார் மருந்தகத்தை மலிவான கடை என்று சொல்ல முடியாது. அரசாங்க கிளினிக்கில் குடிமக்கள் செலுத்தும் 1 ரிங்கிட் கட்டணத்திலேயே மருந்தும் அடங்கிவிடுகிறது. இருந்தும் என் தாயாரின் இரத்த அழுத்த மருந்துகளை இங்கே வாங்கி வருகிறோம். இங்குள்ள மருந்தாளர், மருந்துச் சீட்டைப் பார்த்தவுடன் அலமாரிப் பக்கம் திரும்பாமல், முதலில் கேள்வி கேட்பவர் என்பதுதான் அதற்குக் காரணம்.

"அம்மா, சாயங்காலத்தில் கணுக்கால் வீங்குகிறதா?" என்பது முதல் கேள்வி. வீங்குகிறது என்றதும், அது அம்லோடிபின் மாத்திரையின் வேலையாக இருக்கக்கூடும் என்று விளக்கினார். தமனிச் சுவரிலுள்ள தசைக்குள் கால்சியம் நுழைவதை அம்மருந்து தடுப்பதால் தசை தளர்கிறது, குழாய் விரிகிறது, அழுத்தம் இறங்குகிறது. ஆனால் சிறு தமனிகள் விரியும் அளவுக்குச் சிரைகள் விரிவதில்லையாதலால், நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து காலில் தங்குகிறது. சிறுநீரகம் நீரைத் தேக்கி வைப்பதால் வரும் வீக்கம் அல்ல இது; எனவே சிறுநீர் மாத்திரையைக் கூட்டினாலும் பெரிய பயன் இராது. மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடாமல், அளவைக் குறைக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்கும்படி சொல்லி, அதை எழுதியும் கொடுத்தார்.

என் தாயார் உட்கொள்ளும் மற்றோர் அழுத்த மருந்தான பெரிண்டோபிரில் பற்றிய விளக்கம் இன்னும் சுவையானது. இரத்தக் குழாயைச் சுருங்கச் செய்யும் ஆஞ்சியோடென்சின் 2 என்ற பொருளை உடல் உருவாக்க உதவும் நொதியை அது முடக்குகிறது. பிரேசில் நாட்டு விரியன் பாம்பொன்றின் நஞ்சை ஆராய்ந்தபோது பிறந்த மருந்துக் குடும்பம் அது என்று கேட்டதும் என் தாயார் மாத்திரை அட்டையைச் சற்றுத் தள்ளி வைத்தது தனிக்கதை. அதே நொதிதான் பிராடிகினின் என்ற பொருளையும் சிதைக்கிறது. நொதி முடங்கும்போது அப்பொருள் சேர்ந்து, சிலருக்கு விடாத வறட்டு இருமலை உண்டாக்குகிறது. இதை அறியாமல் சளி மருந்து வாங்கிக் குடிப்பவர்கள் உண்டு. அவற்றில் சிலவற்றிலுள்ள சூடோஎஃபெட்ரின் அழுத்தத்தை ஏற்றிவிடும். இருமல் தாங்க முடியாவிட்டால் மருத்துவர் லொசார்டன் போன்ற வேறு மருந்துக்கு மாற்றுவார். உதடோ நாக்கோ வீங்கினால் மட்டும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எனக்கு மிகவும் பயன்பட்டது மூட்டுவலி பற்றிய கேள்விதான். அண்டை வீட்டு அக்கா கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரையை விழுங்கி வந்ததை என் தாயார் அப்போதுதான் சொன்னார். பெரிண்டோபிரில், சிறுநீர் மாத்திரை இரண்டையும் உட்கொள்பவர் இத்தகைய வலி மருந்தையும் சேர்த்தால், சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டம் பல வழிகளில் குறைந்து, அது திடீரெனப் பழுதடையக்கூடும்; அழுத்தமும் கட்டுக்குள் நிற்காது. வலிக்குப் பாரசிட்டமோல் பரிந்துரைத்த மருந்தாளர், இரவுச் சந்தையில் விற்கும் ஜாமு என்ற மூலிகை மருந்து உருண்டைகளைப் பற்றியும் விசாரித்தார். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது மலேசியாவில் பலமுறை கண்டறியப்பட்டுள்ளது, 'எம்.ஏ.எல்.' (MAL) என்று தொடங்கும் அரசாங்க மருந்துப் பதிவு எண் இல்லாத எதையும் தொட வேண்டாம் என்றார். தைப்பூச விரதம், பத்துமலைக்கு நடை என்று திட்டம் இருந்தால், நீர்ச்சத்து குறையும் அந்நாள்களில் சிறுநீர் மாத்திரையை என்ன செய்வது என்று முன்னதாகவே மருத்துவரிடம் கேட்கச் சொன்னதும் இங்கேதான்.

குறைகளும் இருக்கின்றன. அழுத்தம் பார்க்கும் நாற்காலி வாசலை ஒட்டிப் போடப்பட்டிருக்கிறது. வெயிலில் நடந்து வந்தவரை உட்கார்ந்த கையோடு அளந்தால் எண் கூடத்தான் செய்யும். முதுகைச் சாய்த்து, கையை இதய மட்டத்தில் வைத்து, 5 நிமிடம் பேசாமல் இருந்த பிறகே அளக்க வேண்டும். உதவியாளர்கள் அதற்குப் பொறுப்பதில்லை. அதைவிடக் கவலை தருவது, 'சோடியம் குறைந்த உப்பு' பொட்டலங்கள் எந்த எச்சரிக்கையுமின்றி முன்வரிசையில் இருப்பது. அவற்றில் பல பொட்டாசியம் குளோரைடு கலந்தவை. பெரிண்டோபிரிலோ லொசார்டனோ உட்கொள்பவருக்கு, குறிப்பாகச் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு, இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறலாம். இவ்வளவு கேள்வி கேட்கும் கடையில் அந்த அடுக்குக்கு ஓர் அறிவிப்பு அட்டை இல்லாதது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

மருந்தாளர் இல்லாத வேளையில் இரத்த அழுத்த மருந்து தர மாட்டார்கள். 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின்கீழ் வரும் மருந்துகள் இவை என்பதால் அது முறைதான். ஆனால் அவர் இருக்கும் நேரத்தை வாசலில் எழுதி வைக்கலாம். வார நாள்களில் காலையில், வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போனால் நிதானமாகப் பேச முடிகிறது. ஞாயிறு மாலை போவதானால் முதலில் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது.