எதற்குப் பதிலாக? பேட்டரி ஸ்கூட்டரும் மாடிப்படிக்கு அடியில் கிடந்த சைக்கிளும்

வேலூரை ஒட்டிய காட்பாடி காந்தி நகரில் இருக்கும் என் அக்கா மகனுக்குப் பதினாறு வயது. பிளஸ் ஒன் படிக்கிறான். சென்ற மாதம் அவனுக்குத் திடீரென்று பூமியின் மேல் பாசம் பொங்கிவிட்டது. "மாமா, நீங்கள் சொன்னால் அம்மா கேட்பார்கள். பேட்டரி ஸ்கூட்டர் வாங்கித் தரச் சொல்லுங்கள். புகையே கிடையாது" என்றான். தினமும் அப்பாவின் பைக்கில் பள்ளிக்குப் போய்வருவது அவன் மனசாட்சியை உறுத்துகிறதாம்.

நான் சிரிக்கவில்லை. பதினாறு வயதில் ஸ்கூட்டர் கேட்க இதைவிட மோசமான காரணங்களை நானே சொல்லியிருக்கிறேன். ஒரு நோட்டை எடுத்து வரச் சொன்னேன். "இது நல்லதா கெட்டதா என்று கேட்காதே. எதற்குப் பதிலாக என்று கேள். அப்போதுதான் கணக்கு வரும்" என்றேன். ஸ்கூட்டரில் ஆரம்பித்த பேச்சு பை, ஷூ, ஏசி என்று சாப்பாட்டு நேரம் வரை இழுத்துக்கொண்டு போனது.

பைக்கா, பேட்டரியா, பஸ்ஸா, சைக்கிளா?

வீட்டிலிருந்து பள்ளிக்கு ஆறு கிலோமீட்டர். விருதம்பட்டு, பாலாற்றுப் பாலம், கிரீன் சர்க்கிள் நெரிசல், அதைத் தாண்டினால் ஊர். ஆண்டுக்கு 220 பள்ளி நாட்கள் என்று வைத்துக்கொண்டோம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறும். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் வண்டி என்றால் கிலோமீட்டருக்கு 50 கிராம். போக வர 12 கிலோமீட்டர், ஆண்டுக்கு 132 கிலோ என்று அவன் எழுதினான்.

அங்கேதான் தப்பு. அத்தான் அவனைப் பள்ளியில் இறக்கிவிட்டு வீட்டுக்குத் திரும்பி வருகிறார். மாலையில் மறுபடியும் போய் அழைத்து வருகிறார். ஆறு கிலோமீட்டரை நான்கு முறை கடக்கிறது அந்த பைக். ஆகவே நாளுக்கு 24 கிலோமீட்டர், ஆண்டுக்கு 264 கிலோ. இந்தியர் ஒருவரின் சராசரி ஆண்டுக்கு ஏறக்குறைய 2 டன் என்கிறபோது இது சின்னத் தொகை அல்ல. பையனின் முகம் மலர்ந்தது. ஸ்கூட்டர் கைக்கு எட்டிவிட்டதாகவே நினைத்தான்.

பேட்டரி ஸ்கூட்டருக்கு சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்தால் ஒரு யூனிட்டில் 28 முதல் 30 கிலோமீட்டர் ஓடும். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலிருந்து வருவதால் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. கிலோமீட்டருக்கு 25 கிராம். அவனே ஓட்டிப் போய்வந்தால் நாளுக்கு 12 கிலோமீட்டர்தான், ஆண்டுக்கு 66 கிலோ. "புகையே இல்லை" என்பது பொய். நெய்வேலியிலும் வடசென்னையிலும் இருக்கிற புகைபோக்கி நம் தெருவில் இல்லை, அவ்வளவுதான். ஆனாலும் கிரீன் சர்க்கிளில் சிக்னலுக்கு நிற்பவர்களின் நெஞ்சுக்கு அது நன்மை. அதையும் கணக்கில் வைக்க வேண்டும். பேட்டரியைத் தயாரிப்பதற்கே நூறு கிலோவுக்கு மேல் போகிறது என்றாலும், பைக் சவாரிக்குப் பதிலாக என்றால் ஓரிரு ஆண்டிலேயே அந்தக் கடன் தீர்ந்துவிடும்.

ஆக, அத்தானின் பைக்கோடு மோதினால் ஸ்கூட்டர் ஜெயிக்கிறது. பஸ்ஸோடு மோதினால்?

டவுன் பஸ் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 600 கிராம் கக்கும். நாற்பது பேர் ஏறினால் தலைக்கு 15 கிராம். காலை எட்டரை மணிக்குக் காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் பஸ்ஸில் நாற்பது பேர்தானா என்று அதில் பயணித்தவர்களைக் கேளுங்கள். தாராளமாகக் கணக்கிட்டாலும் ஆண்டுக்கு 40 கிலோ. அதுவும் அவன் ஏறாவிட்டாலும் அந்த பஸ் ஓடத்தான் போகிறது. பேட்டரி செய்யவும் தேவையில்லை. மாணவர் பாஸ் இருந்தால் அரசு பஸ்ஸில் காசும் கிடையாது.

நான்காவது போட்டியாளர் அவர்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. அவன் படிப்பது அரசு உதவி பெறும் பள்ளி. பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு தரும் இலவச சைக்கிள் அவனுக்கும் கிடைத்திருந்தது. இழுத்து வெளியே போட்டோம். இரண்டு சக்கரமும் தரையோடு தரையாக இருந்தன. செயினில் துரு. சீட்டில் பல்லி முட்டை ஓடு. கேரியரில் அக்கா வடாம் காயவைக்கும் பழைய வேட்டியை மடித்து வைத்திருந்தாள். மணி மட்டும் புதுசு மாதிரி அடித்தது.

சைக்கிளே சிறந்தது என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் எட்டு கிலோ புத்தகப் பையோடு லாரிகளுக்கு நடுவே பாலாற்றுப் பாலத்தில் ஒரு பையன் மிதித்துப் போவதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஸ்கூட்டருக்கும் இதே பயம் உண்டு, கூடவே சட்டமும் குறுக்கே நிற்கிறது. உரிமம் இல்லாமல் ஓட்டலாம் என்பது 250 வாட்டுக்கு உட்பட்டு, மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாத வண்டிக்கு மட்டும்தான். அவன் காட்டிய படத்தில் இருந்தது அந்த ரகம் அல்ல. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, சிறுவர்கள் சட்டத்தை மீறி வண்டி ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம். சிறைத்தண்டனைக்கும் இடம் இருக்கிறது. இதைக் கேட்டதும் அத்தான் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

என் தீர்ப்பு: பள்ளிக்கு பஸ். டியூஷனுக்கும் கடைக்கும் சைக்கிள், அதெல்லாம் காந்தி நகர் எல்லைக்குள் இரண்டு கிலோமீட்டர்தான். ஸ்கூட்டர் வாங்கத்தான் வேண்டும் என்றால் அத்தான் வாங்கட்டும், பைக்குக்குப் பதிலாக.

மஞ்சப்பையா, பிளாஸ்டிக் பையா?

இதில் சந்தேகமே கிடையாது என்று பையன் நினைத்தான். எனக்கு உண்டு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. இரண்டும் நல்ல காரியம். ஆனால் டென்மார்க் நாட்டுச் சுற்றுச்சூழல் அமைப்பு 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு குண்டைப் போட்டது. புவி வெப்பத்தை மட்டும் பார்த்தால், அந்த ஊர்க் கடைகளில் தரும் பிளாஸ்டிக் பைக்கு ஈடாக ஒரு பருத்திப் பையை 52 முறை பயன்படுத்த வேண்டும். தண்ணீர், உரம் என்று எல்லா வகைப் பாதிப்பையும் சேர்த்தால் 7,100 முறை. பருத்தி சும்மா விளைவதில்லை.

அந்தக் கணக்கை அப்படியே வேலூருக்குக் கொண்டுவர முடியாது. அங்கே பை குப்பைத்தொட்டிக்குப் போய் முறையாக எரிக்கப்படுகிறது. இங்கே அது சாக்கடைக்குப் போகிறது, மாட்டின் வயிற்றுக்குப் போகிறது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடி வடிந்த பிறகு, கரையோர வேலிகாத்தான் முட்களில் கிழிந்த பைகள் ஆளுயரத்துக்குத் தொங்கியதைப் பார்த்தேன். கார்பன் கணக்கில் பிளாஸ்டிக் ஜெயிக்கலாம். ஆற்றுக் கணக்கில் அது படுதோல்வி.

இருந்தாலும் 52 என்ற எண் முக்கியம். பையன் ஆன்லைனில் 'இயற்கை நேயப் பை' என்று 399 ரூபாய்க்கு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான். அக்காவின் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கிய தாம்பூலப் பைகளை எண்ணச் சொன்னேன். பதினொன்று. மணமக்கள் பெயர் அச்சிட்டது, சீமந்தத்துக்குக் கொடுத்தது, ஜவுளிக்கடை கொடுத்தது. ஏற்கெனவே நெய்து முடிந்த பை அது. பயன்படுத்தினால் கூடுதல் செலவு எதுவும் இல்லை. புதுப்பை வாங்கினால் அது பன்னிரண்டாவதாகத் தொங்கும்.

இன்னொரு உள்ளூர்க் காரணமும் உண்டு. நேதாஜி மார்க்கெட்டில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வாங்கியவர்களுக்குத் தெரியும். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய காய் அது. காம்பில் உள்ள முள் மெல்லிய கவரை ஓட்டை போட்டுவிடும். துணிப்பையில் சமர்த்தாக வரும். எடுக்கும்போது நம் விரலில்தான் குத்தும்.

தோல் ஷூவா, செயற்கை ஷூவா?

வட ஆற்காட்டில் பிறந்தவனுக்கு இது பொதுஅறிவுக் கேள்வி அல்ல. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றையொட்டி வரிசையாகத் தோல் பதனிடும் தொழில். குரோமியம் உப்பும் சாதா உப்பும் கலந்த கழிவுநீர் ஆற்றிலும் கிணற்றிலும் இறங்கி, குடிநீரும் விளைநிலமும் பாழானதால்தான் வேலூர் குடிமக்கள் நலமன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே இழப்பைச் சரிசெய்ய வேண்டும் என்பதையும், ஆபத்து முழுதாக நிரூபணமாகும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்பதையும் நாட்டின் சட்டத்தின் பகுதியாக்கியது. சட்ட மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். அதே தொழில்தான் எத்தனையோ வீடுகளில் உலை வைக்கிறது என்பதையும் நாம் மறப்பதற்கில்லை.

"அப்படியென்றால் செயற்கை ஷூதானே நல்லது?" என்றான். செயற்கைத் தோல் என்பது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வந்த பிளாஸ்டிக். ஓர் ஆண்டில் மடிப்பில் வெடிக்கும். தைக்கவும் முடியாது, மக்கவும் மக்காது. தோல் ஷூவுக்கு அடிப்பகுதியை மாற்றி மாற்றிப் பல ஆண்டுகள் ஓட்டலாம்.

நான் தோலின் பக்கம் சாய இருந்தபோது அக்கா ஒரே வாக்கியத்தில் கவிழ்த்தாள். "இவனுக்குப் போன வருஷம் ஏழாம் நம்பர், இப்போது ஒன்பது." வளரும் காலுக்கு நீடித்து உழைக்கும் ஷூ எதற்கு? உழைக்கும், ஆனால் வேறு யாராவது போட்டால்தான். ஆகவே தீர்ப்பு இப்படி மாறியது: சித்தி மகன் போட்டுச் சின்னதாகிப்போன தோல் ஷூவுக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கம் புது அடி போட்டு வாங்குவது முதலிடம். அது இல்லையென்றால், எது சீக்கிரம் கிழியாது என்று பார்த்து வாங்குவது. பையனுக்கு இதில் உற்சாகம் இல்லை. பழைய ஷூவில் யாருக்குத்தான் உற்சாகம் வரும்?

சார்ஜரா, ஏசியா?

போன் சார்ஜரை பிளக்கிலிருந்து பிடுங்கி வைப்பதைப் பெரிய சேவையாக நினைத்திருந்தான். ஒரு போனை தினமும் சார்ஜ் செய்ய ஆண்டு முழுவதற்கும் ஐந்தாறு யூனிட் போதும். சும்மா செருகியிருக்கும் சார்ஜர் ஆண்டுக்கு ஒரு யூனிட் சாப்பிட்டால் அதிகம். மே மாதத்து வேலூரில் ஒன்றரை டன் ஏசியை எட்டு மணி நேரம் ஓட்டினால் ஒரே இரவில் ஏழெட்டு யூனிட். ஆண்டு முழுவதும் சார்ஜரைப் பிடுங்கிச் சேர்த்த புண்ணியம், படுக்கப் போன இரண்டு மணி நேரத்துக்குள் கரைந்துவிடுகிறது.

அதற்காக ஏசியே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அக்கினி நட்சத்திரத்தில் இந்த ஊர் மொட்டை மாடித் தரை இரவு பதினொன்றுக்கும் காலைச் சுடும். ஏசியை 20-இல் வைப்பதற்குப் பதிலாக 26-இல் வைத்து மின்விசிறியையும் சுழலவிடலாம். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம். அவன் அறையிலும் அக்கா அறையிலும் தனித்தனியாக ஓடுவதற்குப் பதிலாக, அந்த ஒரு மாதம் எல்லோரும் ஒரே அறையில் படுக்கலாம். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண வரிசையே மாறிவிடும் என்பதால் அத்தான் இதை உடனே ஆதரித்தார்.

புதிதாக வாங்குவது ஜெயிக்கும் இடம் ஒன்று இங்கே உண்டு. பழைய மின்விசிறி 75 வாட், பி.எல்.டி.சி. என்ற புது வகை மோட்டார் வைத்த விசிறி சுமார் 30 வாட். நம் ஊரில் விசிறி நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரமாவது, ஆண்டில் 300 நாளாவது ஓடும். மிச்சம் 160 யூனிட், அதாவது 110 கிலோ கரியமில வாயு. இதற்குப் பையன் செய்ய வேண்டியது தொணதொணப்பது மட்டுமே. அதில் அவன் வல்லவன்.

புதுப் போன் விஷயத்தில் கணக்கு தலைகீழ். அதன் பாதிப்பு சார்ஜில் இல்லை, தயாரிப்பில் இருக்கிறது. பேட்டரியை மட்டும் மாற்றிப் பழையதை இன்னும் இரண்டு ஆண்டு ஓட்டுவதோடு ஒப்பிட்டால் புதுப் போனுக்கு வாதமே கிடையாது.

பார்சலா, தூக்குப்பாத்திரமா?

இதில் அதிகம் பேச ஒன்றுமில்லை. பிரியாணி வாங்கப் போகும்போது தூக்குப்பாத்திரத்தைக் கொண்டுபோனால் கடைக்காரர் முகம் சுளிப்பதில்லை. ஒரு கரண்டி கூடவே விழுகிறது. ஆட்டிறைச்சிக்குப் பதிலாகக் கோழி என்றால் உலகச் சராசரிப்படி பாதிப்பு ஏறக்குறைய நான்கில் ஒன்று. அதற்குமேல் பிரியாணியைப் பற்றி எழுதிவிட்டு நான் இந்த மாவட்டத்தில் நடமாட முடியாது.

நோட்டை மூடினோம். மறுநாள் சைக்கிள் கடையில் இரண்டு டியூப், பிரேக் கட்டை, செயினுக்கு எண்ணெய் எல்லாம் சேர்த்து 540 ரூபாய் ஆனது. பையன் ஸ்கூட்டர் பேச்சை விடவில்லை, தள்ளி வைத்திருக்கிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஹெல்மெட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, நீங்கள் பாகாயத்திலிருந்துதானே வருகிறீர்கள்?"

"ஆமாம்."

"பாகாயம் பஸ் உங்கள் தெருமுனையில்தானே நிற்கிறது? வாராவாரம் பைக்கில் வருகிறீர்களே, எதற்குப் பதிலாக?"

அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் தண்ணீர் கேட்டேன்.